படத்தில் பத்து விரல்

பிப்ரவரி 5

இன்று வந்தவனின் பெயர் கவின்குமார். திருப்பூர்க்காரன், முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். அப்பாவின் பனியன் கம்பெனியைக் குழந்தைத் துணி பிராண்டாக மாற்றியிருக்கிறானாம். பெயர் 'பஞ்சுக்குட்டி'. ஸ்டுடியோவுக்குள் கால் வைத்ததுமே, "மேடம், எங்க பிராண்டுக்கு ஒரு ஸ்டோரி வேணும்" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. கதை வேண்டுமென்றால் எழுதுகிறவர்களிடம் போவதுதானே. என்னிடம் கேமராதான் இருக்கிறது.

அவர்களுடைய பழைய படங்களைக் காட்டினான். வெள்ளைப் பின்னணி. வாடகைக்கு வந்த சிவப்புத் தோல் குழந்தை. பக்கத்தில் ஒரு கரடி பொம்மை. "இதை எடுத்துப் பக்கத்து கம்பெனிக்காரன் பெட்டியில ஒட்டினா யாருக்காவது வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

பிறகு ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டேன். வெளிச்சம் எப்போதும் ஒரே ஜன்னலிலிருந்து, இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். லென்ஸ் ஒன்றே ஒன்று. கேமராவின் உயரம் குழந்தையின் கண் உயரம். நிறம் மூன்றுக்கு மேல் கூடாது: சாயம் போடாத பருத்தி, வாழைக் குருத்தின் பச்சை, மனிதத் தோல். பத்துப் படத்தைக் கலைத்துப் போட்டாலும் ஒரே வீட்டில் எடுத்ததுபோல இருக்க வேண்டும். வாங்குகிறவள் பெயரைப் படிக்கும் முன்பே யாருடைய துணி என்று சொல்லிவிட வேண்டும். மாடல் வேண்டாம், உங்கள் கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணின் முகம் வேண்டும் என்றேன். கண்ணை விரித்துக்கொண்டு கேட்டான். போகும்போது வேலையைக் கொடுத்துவிட்டுப் போனான்.

பதினேழு வருஷமாகக் கிரைண்டர், குக்கர், மசாலா பாக்கெட். எவர்சில்வர் பாத்திரத்தில் என் முகம் விழாமல் படம் எடுப்பதில் கோயம்புத்தூரில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் 'இது கோகிலவாணி எடுத்தது' என்று யாரும் நின்று பார்க்கிற படம் ஒன்றுகூட இல்லை. நாற்பத்து மூன்று வயதாகிறது. இதை விடமாட்டேன்.

பிப்ரவரி 9

திருப்பூர் போய் வந்தோம், நானும் ஃபெலிக்ஸ் அண்ணனும். ஃபெலிக்ஸ் அண்ணன் என் லைட் ஆள். முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் சொல்லும் எதையும் முதல் தடவையிலேயே ஒப்புக்கொள்ள மாட்டார்.

கம்பெனி மேனேஜர் அர்த்தநாரி, ஆபீஸில் வேலை செய்யும் ஐந்து பெண்களுக்குப் பவுடர் பூசி வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். பெண் பார்க்க வந்ததுபோல. எல்லோரையும் போய் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானே ஷெட்டுக்குள் நடந்தேன்.

செக்கிங் மேசையில்தான் அவளைப் பார்த்தேன். பெயர் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம். முப்பத்தெட்டு வயது. குழந்தைச் சட்டை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வழியாக வந்த வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அப்படி ஒரு முகம். எதையும் மறைக்கத் தெரியாத நெற்றி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அர்த்தநாரி பின்னாலேயே வந்தார். "அந்தம்மா வேண்டாங்க மேடம். வேற யாரையாச்சும் பாருங்க."

"ஏன்?"

"சும்மாதானுங்க. கொஞ்சம் பிரச்சனை புடிச்ச ஆளுங்க."

"முகத்தை நான்தான் முடிவு பண்ணுவேன். நீங்க பில்லிங்கைப் பாருங்க." இதைச் சொன்னதும் எனக்கே மனசு குளிர்ந்தது. நேராகக் கவினுக்குப் போன் போட்டேன். அவனுக்கு என்ன தெரியும், சரி என்றான். அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

ஷூட் முடிந்தது. உடம்பில் ஒரு எலும்புகூட மிச்சமில்லை.

காலையில் குழந்தைகள். பால் குடித்து முடித்த பிறகு சரியாக நாற்பது நிமிஷம்தான் கிடைக்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டார்களா? பசியோடு மூன்றைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஷெட் முழுக்க ஒரே அலறல்.

மதியம் பேச்சியம்மாள். செக்கிங் மேசை இருந்த இடத்திலேயே எடுத்தேன். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி வெயிலை மெத்தென்று ஆக்கினோம். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க வலது பக்கம் தெர்மாகோல் அட்டை. பின்னால் கம்பெனியின் பட்டன் மெஷின் வரிசை மங்கலாகத் தெரியும்படி வைத்தேன். இடம் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும்.

நாற்பது ஐம்பது படம் வரை விறைப்பாகவே இருந்தாள். சட்டையைத் திருப்பிப் பிடி, கையை இறக்கு, ஏற்று என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் தன் கையைப் பற்றி ஏதோ சொன்னாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு முகம் தெளிந்துவிட்டது. அவளாகவே சட்டையை உயர்த்தி, இரண்டு கைகளையும் நன்றாக விரித்து, கேமராவை நேராகப் பார்த்தாள். 212-ஆம் படம். லேப்டாப்பில் வந்து விழுந்ததும் ஃபெலிக்ஸ் அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 19

212 முடித்தேன். துணியில் நூல் பிசிறு, கன்னத்தில் பவுடர்த் திட்டு, கையில் ஒரு சின்ன வேலை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. என் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல படம்.

மார்ச் 4

கவின் குதிக்கிறான். பெட்டி, பை, இணையதளம், ஹோர்டிங் எல்லாவற்றிலும் 212-தானாம். கீழே எழுதப்போகும் வாசகத்தையும் அனுப்பியிருக்கிறான்: 'ஒவ்வொரு தையலும் ஓர் அம்மா பார்த்தது.' பரவாயில்லை, இவனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

அர்த்தநாரிக்குத்தான் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. படத்தைக் காட்டியபோது மூக்கு ஒட்டுகிற தூரத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரே சிரிப்பு. "பிரமாதமா பண்ணியிருக்கீங்க மேடம்" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. ஒரு கடிதமும் கேட்டார். படத்தில் இருப்பது யார், எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஸ்டுடியோ சீல் வைத்து. ஃபைலுக்கு வேண்டுமாம். அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு என் அருமை இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

மார்ச் 22

ஏசி ரிப்பேர். மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லி இன்றோடு நான்கு நாள். மனிதனின் வாக்குக்கு மதிப்பே கிடையாது.

ஏப்ரல் 20

அவிநாசி ரோட்டில் ஹோர்டிங் ஏறிவிட்டது. காரை ஓரம் கட்டி நானும் ஃபெலிக்ஸ் அண்ணனும் இறங்கிப் பார்த்தோம். முப்பதடி அகலத்துக்குப் பேச்சியம்மாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நெஞ்சு நிறைந்து நின்றேன்.

ஃபெலிக்ஸ் அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வாணிம்மா, ரெண்டு ஆள்காட்டி விரல் நகத்துலயும் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கே" என்றார்.

பார்த்தேன். இருந்தது. வலது நகத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி, எப்போதோ ஊசி குத்தி ரத்தம் கட்டியது. இடது நகத்திலும் அதே புள்ளி, அதே அளவு, கண்ணாடியில் பார்ப்பதுபோல அதற்கு நேரெதிர் ஓரத்தில். ரோட்டிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். பதினேழு வருஷ வேலையில் இப்படி ஒரு கத்துக்குட்டித் தப்பு! ஒட்டு வேலை செய்தால் ஒட்டின இடத்தை மட்டும் பார்க்கக் கூடாது, எங்கிருந்து எடுத்தோமோ அங்கே அடையாளம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடம்.

சரி, எழுதிவிடுகிறேன். அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. மொட்டை. ரீடச் செய்யும்போது வலது விரலின் நுனியை எடுத்துத் திருப்பி இடதில் ஒட்டினேன். அவ்வளவுதான். தூசியைத் துடைப்பதில்லையா, முகப்பருவை எடுப்பதில்லையா, அதுபோல. குழந்தைத் துணிப் பெட்டியில் மொட்டை விரலைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்?

கவினுக்குப் போன் செய்து, திருத்திய படம் தருகிறேன் என்றேன். "யாரும் கவனிக்க மாட்டாங்க மேடம், பிரின்ட் எல்லாம் போயிடுச்சு" என்றான். வீடு வரும்வரை ஃபெலிக்ஸ் அண்ணன் பேசவே இல்லை. என்ன கோபமோ அவருக்கு.

ஜூன் 11

இன்று என்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

பேச்சியம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கூடவே நசீமா என்று ஒரு வக்கீல். உட்காரச் சொன்னேன். பேச்சியம்மாள் உட்காரவில்லை.

போன நவம்பரில் கம்பெனியின் பட்டன் மெஷினில் விரல் நசுங்கியதாம். குழந்தைச் சட்டைக்கு அழுத்து பட்டன் அடிக்கிற மெஷின். விரல் உள்ளே போகாமல் தடுக்கும் தகடு ஒன்று இருக்குமாம், வேகமாக ஓட வேண்டும் என்று அதைக் கழற்றி வைத்திருந்தார்களாம். அர்த்தநாரியே வண்டியில் கூட்டிப்போய்ச் சின்ன கிளினிக் ஒன்றில் காட்டியிருக்கிறார். சீட்டு எல்லாம் அவரிடம். செட்டில் பண்ணிவிடுகிறோம் என்று சொல்லிச் செக்கிங் மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் நாளைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பெயருக்கு எந்தப் பதிவும் இல்லை. தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள்.

"கம்பெனி என்ன சொல்லுதுன்னா," என்றார் நசீமா, "அந்தம்மா வேலையை விட்டு நின்னப்புறம் வீட்டுல கிரைண்டர்ல கையை விட்டுட்டாங்களாம். அதுக்கு ஆதாரம் நீங்கதான் மேடம்." ஒரு பிரதியை மேசையில் வைத்தார். 212. அதன் கீழே என் சீல் வைத்த கடிதம். பிப்ரவரி 16-ஆம் தேதி, கம்பெனி வளாகத்தில், பேச்சியம்மாள். படத்தில் பத்து விரலும் முழுசாக இருந்தன.

 உடனே கத்த ஆரம்பித்தேன். நான் படம் எடுக்கிறவள். உங்கள் சண்டையில் என்னை ஏன் இழுக்கிறீர்கள்? விளம்பரப் படத்தைக் கொண்டுபோய்ச் சாட்சி என்று வைத்தால் அது என் தப்பா? கம்பெனியைப் போய்க் கேளுங்கள். என் இடத்தில் வந்து என்னைக் குற்றவாளியாக்காதீர்கள். இன்னும் என்னென்னவோ.

 பேச்சியம்மாள் சுவரில் மாட்டியிருந்த 212-ஐப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது வக்கீல் தன் நம்பரை மேசையில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 12

அர்த்தநாரிக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். "எங்கிட்ட ஏமாத்திக் கையெழுத்து வாங்கியிருக்கீங்க!"

மனிதர் பதறவே இல்லை. "படம் உங்களுதுதானுங்களே மேடம்? தேதி சரிதானுங்களே? கையெழுத்தும் உங்களுது. நாங்க ஒண்ணும் மாத்தச் சொல்லலீங்களே. நான்தான் அன்னிக்கே அந்தம்மா வேண்டாம்னு சொன்னனுங்க. நீங்கதான் கேக்கல."

போனைச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி உடைந்தது. உடைந்தால் என்ன. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் பற்றி எரிகிறது.

மாலையில் கவின் அழைத்தான். தேன் ஒழுகும் குரல். "நீங்க ஆர்ட்டிஸ்ட் மேடம், இந்த லீகல் விஷயமெல்லாம் உங்க லெவலே இல்ல. வின்டர் கேட்டலாக் உங்களுக்குத்தான். 212-ஐ ஒரு பெரிய போட்டிக்கும் அனுப்பறோம்." நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஏன் நன்றி சொன்னேன்?

ஜூன் 15

ரா ஃபைலைத் திறந்தேன். கேமராவிலிருந்து வந்தது வந்தபடி, கை படாதது. ஐந்து நிமிஷம் பார்த்தேன். மூடிவிட்டேன்.

ஜூன் 21

சாம்பார்ப் பொடி பாக்கெட் ஷூட். எழுபது பாக்கெட், ஒன்றின் மேல் ஒட்டின லேபிளாவது நேராக இருக்க வேண்டுமே. எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். ஸ்டாண்டைத் தள்ளி வைக்கத் தாமதமானது என்று ஃபெலிக்ஸ் அண்ணனிடமும் சீறினேன்.

அவர் கையிலிருந்த தெர்மாகோலைக் கீழே வைத்தார். "என்மேல எதுக்கு வாணிம்மா எரியற? அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னப்போ நானும்தான் பக்கத்துல நின்னேன்."

"என்ன சொன்னா? கையைப் பத்தி ஏதோ சொன்னா. மறைக்கச் சொல்லியிருப்பா."

"மறைக்கச் சொல்லல. உனக்குத் தெரியும்."

தெரியும். நாலு மாதமாக எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன். பிப்ரவரி 16 அன்று பேச்சியம்மாள் சொன்னது இதுதான்: "எக்கா, இந்த மொட்டை விரல் படத்துல நல்லாத் தெரியணும். பொறவு மெஷினும் தெரியணும். இது இங்கதான் போச்சு. எங்கிட்ட ஒரு காயிதமும் இல்ல. உங்க படத்துல இருந்தா ஒரு நாளைக்குக் காட்டலாம்லா. அதுக்குத்தான் நிக்கச் சம்மதிச்சேன்."

"சரி சரி, நான் பார்த்துக்கறேன், கையைத் தூக்கு" என்றேன் நான்.

அவள் தூக்கினாள். இரண்டு கைகளையும் விரித்து, கேமராவை நேராகப் பார்த்தாள். அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றே தெரியும். என் லைட்டிங்கினால் வந்த முகம் இல்லை அது. தன் கையைச் சாட்சியாகக் காட்டுகிறவளின் முகம். அந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கையை அழித்தேன். மூன்று நாள் கழித்து, யாரும் சொல்லாமல், சாப்பாட்டுக்கு முன்னால், பாட்டுக் கேட்டுக்கொண்டே.

சாம்பார்ப் பொடியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 22

என்னைப் போல ஒரு கழிசடை கிடையாது.

ஜூலை 2

நசீமாவைப் போய்ப் பார்த்தேன். ரா ஃபைல், அன்று எடுத்த மற்ற படங்கள் எல்லாவற்றையும் ஒரு டிரைவில் கொடுத்தேன். வருவேன், சொல்வேன் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "விரலைச் சேர்க்கச் சொன்னது கம்பெனிதானே மேடம்? கிளையன்ட் சொல்லாம இப்படிச் செய்வீங்களா? அவங்க சொன்னாங்கன்னா கேஸு ரொம்ப ஸ்ட்ராங்."

 நான் தயங்கியதைப் பார்த்து அவர் வற்புறுத்தவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அர்த்தநாரி சொன்னார் என்று ஒரு வரி. யார் நம்ப மாட்டார்கள்? அந்த ஆள் செய்யாததா? பேச்சியம்மாளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஊரில் என் பெயர் மிஞ்சும்.

ஜூலை 19

கவின் நேரிலேயே வந்தான். நான் சாட்சி சொல்லப்போகிற செய்தி அவனுக்குப் போய்விட்டது. இன்று தேன் இல்லை. எல்லா ஃபைலும் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், வெளியே கொடுத்தால் கேஸ் போடுவானாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இப்படி கிளையன்ட்டையே மாட்டிவிட்ட ஆள்கிட்ட இனி எந்த பிராண்ட் மேடம் வரும்?" என்றான்.

"வெளியே போடா" என்றேன். 'போங்க' என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

ஆனால் அவன் சொன்னது உண்மைதான். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6

விசாரணை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு நீள அறை. விசாரிக்கும் ஆபீசர், இரண்டு பக்க வக்கீல்கள், அர்த்தநாரி, பேச்சியம்மாள், நான். கவின் வரவில்லை.

லேப்டாப்பில் ரா ஃபைலைத் திறந்து காட்டினேன். மொட்டை விரல். பின்னால் பட்டன் மெஷின் வரிசை. மூலையில் தேதி. முன்னும் பின்னும் எடுத்த எழுபது படங்களிலும் அதே விரல். முடிந்தது என்று நினைத்தேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சிரித்துக்கொண்டே, "ஐயா, இல்லாத விரலை நிஜம்போல ஒட்ட வெச்சேன்னு அம்மாவே சொல்றாங்க. ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு எடுக்கத் தெரியாதா? எது அசல், எது போலின்னு எப்படி நம்பறது? அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எங்க படத்துக்குத்தான்" என்றார்.

என் கெட்டிக்காரத்தனம் என் கழுத்துக்கே வந்து நின்றது.   அப்புறம் அர்த்தநாரி தன் ஃபைலோடு கொண்டுவந்து வைத்திருந்த பஞ்சுக்குட்டிப் பெட்டியை எடுத்து ஆபீசர் முன்னால் வைத்தேன்.

"இது அவங்க அச்சடிச்சது. அச்சடிச்ச பிறகு நான் இதைத் தொடல. ரெண்டு ஆள்காட்டி விரல் நகத்தையும் பாருங்க சார். ஒரே புள்ளி. ஊசி குத்தின காயம் ரெண்டு நகத்துல, ஒரே அளவுல, எதிரெதிரா வராது. வலது விரலோட நுனியைத் திருப்பி இடதுல ஒட்டினேன். புள்ளியைத் துடைக்க மறந்துட்டேன். எனக்கு வேலை சரியாத் தெரிஞ்சிருந்தா இன்னைக்கு இந்தம்மாவுக்கு நியாயமே கிடைச்சிருக்காது."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். ஸ்கேலை வைத்து அளந்தார். கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆபீசர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்படி மாத்தச் சொன்னது யார்?"

நசீமா தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரியின் முகம் வெளுத்திருந்தது. நான் என்ன சொன்னாலும் எடுபடும் என்று அந்த ஆளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெயர்தான். சொல்லிவிட்டு வெளியே வந்து காபி குடிக்கலாம்.

"யாரும் சொல்லல சார்" என்றேன். "நானேதான் செஞ்சேன். மாத்தாதீங்க, அந்த விரல் தெரியணும்னு இந்தம்மா எங்கிட்டச் சொன்னாங்க. எனக்கு நல்ல படம் வேணும். அதனால கேக்கல."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

வெளியே பேச்சியம்மாள் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். போய், "மன்னிச்சுக்க பேச்சி" என்றேன்.

என்னை நேராகப் பார்த்தாள். "என்னத்த மன்னிக்க? மெஷினு கண்ணு தெரியாம நசுக்கிச்சு. அதுங்கிட்ட நான் பேசவா முடியும்? உங்ககிட்ட வாயத் திறந்து சொன்னேன்லா எக்கா. மனுசி கேப்பான்னுதான சொன்னேன்." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 7

சாம்பார்ப் பொடிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டாராம். ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. தெரியட்டும்.

செப்டம்பர் 12

உத்தரவு வந்துவிட்டது. விபத்து கம்பெனியில்தான் நடந்தது, இழப்பீடு தர வேண்டும் என்று. நசீமா போனில் சொன்னார். கம்பெனி மேல்முறையீடு போகலாம், ஆனாலும் இது பெரிய விஷயம் என்றார். 

அவிநாசி ரோட்டு ஹோர்டிங்கையும் இறக்கிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு மாடல் பெண் சிரிக்கிறாள். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வருகிறது. முட்டாள்கள்.

செப்டம்பர் 17

வேலை எதுவும் கையில் இல்லை, ஆனால் ஒரு யோசனை வந்தது. ரா ஃபைலிலிருந்து 212-ஐ எதையும் மாற்றாமல் பெரிதாக அச்சடித்தேன். நூல் பிசிறு, பவுடர்த் திட்டு, மொட்டை விரல், எல்லாம் அப்படியே. மரச் சட்டம் போட்டேன். ஸ்டுடியோ வாசலில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி இதை மாட்டப்போகிறேன். நான் செய்ததற்குப் பதில் இதுதான். போகிற வருகிற எல்லோரும் நின்று பார்க்கட்டும்.

ஆணி அடிக்க ஃபெலிக்ஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். சுத்தியலை வாங்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியா?" என்றார்.

அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவளுக்காகத்தானே செய்கிறேன், இதற்கும் ஒரு கேள்வியா என்று. திட்டி முடித்ததும் காரில் சட்டத்தை ஏற்றச் சொன்னேன்.

செப்டம்பர் 18

திருப்பூர். பேச்சியம்மாள் இருப்பது லைன் வீடு. வேறொரு கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போகிறாளாம், இன்று வார விடுமுறை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

ஃபெலிக்ஸ் அண்ணன் சட்டத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தார். நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். ஸ்டுடியோ வாசலில் மாட்ட ஆசை, கீழே உன் பெயர் போடுவேன், நடந்ததை எழுதுவேன், எல்லோருக்கும் உண்மை தெரியும். கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வேண்டாம் எக்கா."

"ஏன் பேச்சி?"

"கேஸுக்குத் தேவைன்னுதான் அன்னைக்குக் கையக் காட்டினேன். இப்ப தேவையில்ல. போற வாரவனெல்லாம் எங்கையப் பார்த்து உச்சுக் கொட்டவா? உங்களுக்குப் பேரு வரும். எனக்கு என்ன வரும்? வேண்டாம்."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் இதைவிட நல்ல படம் இனி வராது. வேலை போய், பெயர் போய், மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்கிறாள். யோசித்துப் பார், அவசரப்படாதே, நான் எப்படி எழுதப்போகிறேன் தெரியுமா என்று பத்து வாக்கியம் வாயில் தயாராக வந்து நின்றது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"சரி பேச்சி" என்றேன்.

சட்டத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம். சுவரில் மாட்டுவாளோ, அடுப்புக்குப் போடுவாளோ, நான் கேட்கவில்லை. வழக்குக்கு நசீமாவிடம் ஒரு பிரதி இருக்கிறது; என்னிடம் இருந்த ஃபைலை இன்று மதியம் அழித்துவிட்டேன். ஆத்திரமாக வந்தது, அழித்தேன்.